ஃபில்டர் வாங்கும் முன்னால் ஒரு சி.டி.யை எடு

பாப்பா,

நீ அனுப்பிய ஓரியன் நெபுலா, அதுதான் அந்த விண்வெளி வாயு மேகத்தின் படத்தைப் பார்த்தேன். நெபுலா நன்றாகத்தான் விழுந்திருக்கிறது, சுற்றி இருக்கிற வானம்தான் தண்ணீர் கலந்த மோர் மாதிரி இருக்கிறது. பெங்களூர் விளக்கு வெளிச்சத்தில் மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் அப்படித்தான் வரும். அந்த வெளிச்சத்தை வடிகட்ட ஒரு ஃபில்டர் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். எதைப் படம் எடுக்கப்போகிறாய் என்று முதலில் சொல்.

என் பழைய ஃபில்டர் நினைவிருக்கிறதா? நம் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில் வாங்கியது. அந்த வெளிச்சத்தின் அலைநீளம், அதாவது நிறத்தின் அளவு, பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியே இருக்கும், அந்த இடத்தை அடைத்தால் போதும், வானம் கொஞ்சம் கறுக்கும். அப்புறம் வெள்ளை எல்.இ.டி. மாட்டினார்கள். அது நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒன்றையும் விடாமல் எரிகிறது, எதையென்று அடைப்பது? ஃபில்டர் இப்போது அம்மாவின் பட்டன் டப்பாவில் கிடக்கிறது. ஆனாலும் போன வருஷம்கூட ஒரு கடைக்காரர் அதே ரகத்தை "எல்லா விளக்குக்கும் ஆகும் சார்" என்று என் தலையில் கட்டப் பார்த்தார்.

உன் தெருவில் என்ன விளக்கு என்று பார்க்க ஒரு பழைய சி.டி. போதும். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடி. வானவில் நடுநடுவே இருட்டு விட்டுக் கோடுகோடாகத் தெரிந்தால் சோடியம், இடைவெளி இல்லாமல் ஒரே பட்டையாக ஓடினால் எல்.இ.டி.

எல்.இ.டி. என்றால் இரட்டைப் பட்டை ஃபில்டர்தான். ஓரியன், ரோஸெட் மாதிரி நெபுலாக்களின் வெளிச்சத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனின் 656, ஆக்சிஜனின் 501 நானோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. அந்த இரண்டு சந்தை மட்டும் திறந்துவைத்து மற்றதையெல்லாம் அது அடைத்துவிடும். நட்சத்திரங்களின் நிறம் கெடும், எக்ஸ்போஷரும் நீளமாக வைக்க வேண்டும். ஒன்று கவனி, உன் கேமராவில் கம்பெனியே சென்சாருக்கு முன்னால் வைத்த கண்ணாடி அந்த ஹைட்ரஜன் சிவப்பைப் பாதிக்குமேல் தின்றுவிடும். அதை மாற்றாமல் விலை உயர்ந்த ஃபில்டர் வாங்கினால் பாதிப் பலன்தான்.

ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலத்துக்கு எந்த ஃபில்டரும் பெரிதாக உதவாது. அது கிட்டத்தட்ட முழுக்க நட்சத்திர வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது, தெருவிளக்கை அடைத்தால் அதுவும் சேர்ந்து போகும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றித் தெரியும் நீலப் புகையும் அப்படியே, தூசியில் பட்டுத் திரும்புகிற நட்சத்திர ஒளி.

தொலைநோக்கியில் கண்ணால் பார்க்க மட்டும் என்றால், நெபுலா வெளிச்சத்தை விட்டு மற்றதை அடைக்கிற யு.எச்.சி. ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள். முதலில் திருகி மாட்டாதே, ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கண்ணுக்கும் நடுவில் விரலால் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பார். நட்சத்திரங்கள் மங்கும், நெபுலா அப்படியே நிற்கும். பளிச்சென்று எரியும் என்று எதிர்பார்க்காதே.

எப்படியும் தை அமாவாசையை ஒட்டி இரண்டு நாள் லீவு போடு. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, காவலூர்ப் பக்கம் போய்விட்டு வரலாம். வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு 1960களில் அங்கே தொலைநோக்கி வைக்க இடம் பார்த்ததே அந்த இருட்டுக்காகத்தான். ஃபில்டருக்கு வைத்திருக்கிற காசில் பெட்ரோல் போட்டு மிச்சமும் இருக்கும். ஸ்வெட்டர் கொண்டுவா. ட்ரைபாட் ஸ்க்ரூ ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அதையும் பட்டன் டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா