கயலுக்கு, பின்விளக்கு விஷயமாக

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் இடது பின்விளக்கில் இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடவே கண்ணடிக்கிறது. பல்பு மாற்றியும் போகவில்லை, மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்களாமே. அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதே. இத்தனை வயதான மாருதி 800-இல் எனக்கு முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை மேல்.

பேட்டரியின் நெகட்டிவ் கார் பாடியோடு சேர்ந்திருக்கும். ஒரு பக்கப் பின்விளக்கின் பல்புகள் எல்லாம் பொதுவான எர்த் வழியாகத்தான் பாடிக்குப் போகும். அந்த முனை துருப்பிடித்தால் கரண்ட் சும்மா நிற்குமா? பக்கத்துப் பல்பின் இழைக்குள் புகுந்து, அதன் வயர் வழியே வேறெங்காவது எர்த் தேடும். பிரேக்குக்கு இண்டிகேட்டர் எரிவது அதனால்தான். பேட்டரி கோளாறு என்றால் வலது பக்கமும் மங்க வேண்டுமே!

சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல். வயரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் தகட்டிலும், மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத பாடி போல்ட்டிலும் அழுத்து. பாசிட்டிவில் மட்டும் பட்டுவிடக் கூடாது, பியூஸ் போய்விடும். விளக்கு பளிச்சென்று எரிந்து இண்டிகேட்டர் அடங்கினால் எர்த்தான் குற்றவாளி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் வயர் பாடியில் சேரும் ஸ்க்ரூவைக் கழற்று. வெறும் தகடு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. ரேடியோவில் நேரம் அழிந்துபோகும், பரவாயில்லை.

அதிலும் சரியாகவில்லையா? புதிதாகப் போட்ட பல்பைக் கழற்றிப் பார். பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து இருப்பது 21/5 வாட், இரட்டை இழை. பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருக்கும். அந்த இடத்தில் ஒற்றை இழை பல்பைத் திணித்தால் பிரேக்கும் பார்க்கிங்கும் ஒன்றோடொன்று கலந்து கூத்தடிக்கும்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸையே போடு. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றித் தருகிற ஆள் கடைப் பக்கமே போகாதே, வயர் எரிந்துவிடும்.

ஹெட்லைட்டும் டல் என்றாயே, அது வேறு கதை. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துச் சொல். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் சார்ஜிங் சரி. குறைந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் தேடலாம். அதுவரை ராத்திரியில் வண்டியை எடுக்காதே. உன் அம்மாவும் இதைத்தான் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா