ஓக்லாண்டுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்: அட்லாண்டா தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வருடச் சுற்றுலா ஓக்லாண்டு கல்லறைத் தோட்டத்துக்கு என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதிலிருந்து வந்த பதில்களை எல்லாம் படித்தேன். "சுடுகாட்டுக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்பது பாதி. "பேசாம அக்வேரியத்துக்கே போயிடலாமே" என்பது மீதி. யாரோ ஒருவர் வீட்டுப் பாட்டி ஊரிலிருந்து குரல் செய்தியே அனுப்பிவிட்டார், போய் வந்தால் வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டுமாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1850இல் அட்லாண்டா நகரம் ஊருக்கு வெளியே 6 ஏக்கர் வாங்கி இடுகாடாக்கியது. நடுவில் அடிமை முறையை ஒட்டி வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் வந்தது, சாவுகள் குவிந்தன. 1867க்குள் அது 48 ஏக்கர் ஆகிவிட்டது. இன்று சுமார் 70,000 பேர் அங்கே இருக்கிறார்கள். ஓக் மரங்களும் மக்னோலியாவும் நிறைந்திருந்ததால் 1872இல் இப்போதைய பெயரை வைத்தார்கள். பொதுப் பூங்காக்கள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குதிரை வண்டி கட்டிக்கொண்டு, சாப்பாடும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இங்கேதான் வருவார்கள். இப்போதும் நாயை நடத்திக்கொண்டு போகிறவர்கள், ஓடுகிறவர்கள், மரத்தடியில் படிக்கிறவர்கள் என்று நடமாட்டம் உண்டு. எதிர்ச்சாரியில் 'சிக்ஸ் ஃபீட் அண்டர்', அதாவது ஆறடி மண்ணுக்குள், என்றே பெயர் வைத்து ஒருவர் மீன் கடை நடத்தினார். ஊர்க்காரர்கள் இவ்வளவு சகஜமாக இருக்கிற இடத்தில் நமக்கு மட்டும் என்ன நடுக்கம்?

நம் மரபுக்கு ஒத்துவராது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டுப் படையல் வைத்தவர்கள் நாம். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்க்க லீவு போட்டுக்கொண்டு போகிறோம். சித்தர் சமாதியைச் சுற்றி வருகிறோம், நாகூர் தர்காவில் மந்திரித்துக்கொள்கிறோம். நவம்பர் 2 அன்று கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் நம் பள்ளியிலேயே உண்டு. தீட்டு பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள், வந்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுங்கள். ஜார்ஜியா வெயிலில் எப்படியும் குளித்துத்தான் ஆக வேண்டும்.

சரி, அங்கே யாரைப் பார்ப்பது? வழக்கமாக வருகிறவர்கள் முதலில் தேடுவது மார்கரெட் மிட்செல் கல்லறையை. வாழ்நாளில் ஒரே ஒரு நாவலை வெளியிட்டு உலகப் புகழ் அடைந்து, 1949இல் பீச்ட்ரீ தெருவைக் கடக்கும்போது கார் மோதி இறந்தவர். அடுத்து பாபி ஜோன்ஸ். 1930இல் ஒரே வருடத்தில் நான்கு பெரிய கோல்ஃப் பட்டங்களையும் வென்றவர். அவர் கல்லறையில் ரசிகர்கள் கோல்ஃப் பந்துகளை வைத்துவிட்டுப் போவார்கள். நம் அப்பாக்கள் கூட்டம் அங்கேதான் நின்று செல்ஃபி எடுக்கும் என்று தெரியும், எடுங்கள். பையன்களுக்குப் பிடிக்கப்போவது வாசலைப் பார்த்தபடி தன் கல்லறை மாடத்தின் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாஸ்பர் நியூட்டன் ஸ்மித்தின் சிலை. மனுஷனுக்கு டை கட்டவே பிடிக்காதாம். சிற்பி டையோடு செதுக்கிக் கொண்டுவந்தபோது, அதை எடுத்தால்தான் காசு என்று சொல்லிவிட்டாராம். இப்போதும் கழுத்தில் டை இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கென்னசா பக்கம் குடியிருப்பவர்கள் வில்லியம் ஃபுல்லரைத் தேடிப் பிடியுங்கள். 1862 ஏப்ரல் 12 அன்று, அப்போது பிக் ஷான்டி என்று அழைக்கப்பட்ட உங்கள் ஊரில் ரயிலை நிறுத்திவிட்டு எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். சாதாரண உடையில் வந்திருந்த வடக்குப் படை ஆட்கள் 'ஜெனரல்' என்ற எஞ்சினையும் மூன்று பெட்டிகளையும் கழற்றி ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஃபுல்லர் அந்த ரயிலின் கண்டக்டர். முதலில் தண்டவாளத்தின் மேலேயே கால்நடையாக ஓடினார், பிறகு தள்ளுவண்டி, பிறகு வழியில் கிடைத்த எஞ்சின்கள் என்று மாறி மாறித் துரத்திப் பிடித்தார். பிடிபட்டவர்களில் 7 பேரை இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் தூக்கிலிட்டுப் புதைத்தார்கள். போருக்குப் பின் அந்த உடல்களைச் சட்டனூகாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துரத்தியவர் இங்கே, எஞ்சின் கென்னசா மியூசியத்தில். ஃபுல்லரின் ஓட்டம் வீரம்தான், ஆனால் அடிமை முறையைக் காக்க நின்ற தென் தரப்புக்காக ஓடினார் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் நான் இந்த மடலை எழுதுவது இவர்களுக்காக அல்ல. ஓக்லாண்டில் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய மூன்றரை ஏக்கர் இருக்கிறது. 12,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் இருக்கிறார்கள். நுழைந்தால் புல்வெளிதான் கண்ணில் படும். பலருக்குக் கல் வாங்க வசதி இருந்ததில்லை. மரப்பலகையோ ஒரு செடியோதான் அடையாளம், அது மக்கிப்போயிற்று. 2016இல் தரையை ஊடுருவும் ராடாரை உருட்டிப் பார்த்தபோது 870க்கும் மேற்பட்ட அடையாளமற்ற குழிகள் தெரிந்தன. பிறகு பல வருடம் வேலை செய்து 2022இல் அந்தப் பகுதியைச் சீரமைத்து முடித்தார்கள்.

அங்கே கேரி ஸ்டீல் லோகனின் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அடிமையாகப் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அட்லாண்டா ரயில் நிலையத்தில் பணிப்பெண் வேலை. பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை அங்கே பார்ப்பார். பகலெல்லாம் காலியான சரக்குப் பெட்டி ஒன்றில் அவர்களை விளையாட விட்டு, வேலை முடிந்ததும் தன் சின்ன வீட்டுக்கு அழைத்துப் போவார். வீடு கொள்ளாமல் போனபோது தன் கதையை ஒரு சிறு புத்தகமாக எழுதி விற்றார், வீட்டையும் விற்றார், கேட்டவர்களிடம் எல்லாம் கையேந்தினார். 1888இல் அனாதை இல்லம் திறந்தது. அது பெயர் சற்று மாறி இன்றுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. 1900இல் அவர் இறந்தபோது கல்லில் பொறித்தது இரண்டே வரி: 'அனாதைகளின் தாய். அவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்.' இரண்டாவது வரி மாற்கு நற்செய்தியில் இயேசு சொன்னது.

பக்கத்தில் ரோடரிக் பேட்ஜர், அட்லாண்டாவின் முதல் கறுப்பினப் பல் மருத்துவர். எங்கள் நடுவே ஒரு கறுப்பன் பல் பிடுங்குவதா என்று வெள்ளைப் பல் மருத்துவர்கள் 1859இல் நகர மன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். அவர் தொழிலை விடவில்லை. இன்னொரு பக்கம் அன்டோயின் கிரேவ்ஸ், அந்தப் பகுதியில் கல் மாடம் கட்டியிருப்பது இவர் ஒருவருக்குத்தான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் 1886இல் ஊருக்கு வந்தபோது, ஊர்வலத்தில் என் பள்ளிப் பிள்ளைகள் நடக்கமாட்டார்கள் என்று மறுத்துத் தலைமையாசிரியர் வேலையைத் தொலைத்தவர்.

நம்மில் பாதிப் பேர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) உறுப்பினர்கள். பேக் சேலுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த பி.டி.ஏ.வின் நிறுவனர்களில் ஒருவராக இன்று மதிக்கப்படும் செலீனா ஸ்லோன் பட்லர் இங்கேதான் இருக்கிறார். வெள்ளையர் சங்கத்தில் இடமில்லை என்பதால் 1911இல் அட்லாண்டாவின் யங் ஸ்ட்ரீட் பள்ளியில் கறுப்பினப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். 1926இல் அது தேசிய அமைப்பானது. இரண்டு சங்கங்களும் ஒன்றானது 1970இல், அவர் இறந்து 6 வருடம் கழித்து. ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவரப் போகிற விமான நிலையத்தின் பெயரில் பாதி மேனார்ட் ஜாக்சன், அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர். 1973இல் தேர்தலில் வென்றவர். நகரத்தின் உயரக் கட்டிடங்களைப் பார்த்த மாதிரி அவருடைய கல்லறையும் இங்கே உண்டு.

இனி, சில பெற்றோருக்குக் கசப்பாக இருக்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் 6 ஏக்கரில் அடிமைகளைப் புதைக்க ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். ஊர் வளர்ந்தது, வெள்ளையர் குடும்பங்களுக்கு மனை போதவில்லை. 1877இல் அந்த மூலையில் கிடந்தவர்களைத் தோண்டி எடுத்து, கறுப்பின ஏழைகளுக்கான பகுதியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நிலத்தை விற்றார்கள். வாழும்போது விலைக்குப் போனவர்கள், செத்த பிறகு நிலத்தின் விலைக்காக இடம்பெயர்ந்தார்கள். இன்று போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் மற்றவர்களின் அழகழகான சலவைக் கற்கள். இப்படியெல்லாம் பட்டபிறகுதான் 1886இல் கறுப்பின வணிகர்கள் சிலர் சேர்ந்து சவுத்-வியூ என்று தங்களுக்கே ஒரு கல்லறைத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கை முதலில் அடக்கம் செய்ததும் அங்கேதான்.

இதைக் கேட்ட பத்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "நம்ம ஊர்லயும் இப்படி இருந்துச்சாப்பா?" என்று கேட்கும். குழுவில் வந்த பதில்களுக்குள் பேய் பயத்தைவிட இந்தக் கேள்வியின் பயம்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் பதில் இருந்தது என்பதில்லை, இருக்கிறது என்பதுதான். எத்தனையோ ஊர்களில் இன்றும் சாதிக்கொரு சுடுகாடு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், ஆதிக்க சாதியார் வயல் வழியாகப் போக விடாததால் பாலத்தின் மேலிருந்து தலித் ஒருவரின் சடலத்தைக் கயிறு கட்டி இறக்கிய வீடியோவை நாம் எல்லோருமே பார்த்தோம், ஃபார்வர்டும் செய்தோம். தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்த திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுச்சுவர் எத்தனை முறை செய்தியானது! அட்லாண்டாவில் 1877இல் நடந்ததைக் கேட்டு உச் கொட்டிவிட்டு, நம் கதையைப் பிள்ளையிடம் மறைத்தால் அப்புறம் அந்தப் பிள்ளை கூகுளில் தானாகவே படித்துக்கொள்ளும். அதற்கு நாமே சொல்லிவிடலாம்.

அதோடு, நமக்கு இந்த நாட்டுக் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். முந்தின வருடம் சிவில் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவர வைத்த போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. அந்தப் போராட்டத்துக்கு முந்தைய மூன்று தலைமுறை, அடையாளம் இல்லாத புல்லுக்கடியில் இருக்கிறது. ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக் போன்ற வசதியான புறநகர்களில் வீடு வாங்கியவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் குறைந்துபோகமாட்டார்கள்.

போர்வீரர் பகுதியைத் தவிர்த்துவிடலாமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். வேண்டாம். சுமார் 6,900 தென்படை வீரர்கள், அதில் 3,000 பேருக்குப் பெயர் தெரியாது. அவர்களுக்காக 1894இல் ஜார்ஜியா சலவைக் கல்லில் செதுக்கிய சிங்கம் ஒன்று படுத்திருந்தது. திரும்பத் திரும்பச் சேதப்படுத்தப்பட்டதால் 2021 ஆகஸ்டில் நகரம் அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரியா தப்பா என்று பெரிய பிள்ளைகள் அங்கேயே நின்று தமிழில் வாதாடட்டும். நான் எடுத்தது சரி என்ற கட்சி. எதிர்க்கட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது. இந்த வருடத் தமிழ்ப் பாடத்தில் இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி அமையாது.

இனி ஏற்பாடுகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மார்ட்டா நகர ரயிலில் வருகிறவர்கள் கிங் மெமோரியல் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடும் தூரம். செங்கல் பாதை மேடு பள்ளமாக இருக்கும், ஷூ போட்டு அனுப்புங்கள். கல்லின் மேல் ஏறக்கூடாது, சாயக்கூடாது, தேய்த்துப் படியெடுக்கக்கூடாது, பலவும் நூறு வருடத்துக்கு மேல் ஆன கற்கள். 2008 மார்ச் சூறாவளியில் மரங்கள் விழுந்து உடைந்தவற்றை ஒட்டவே அவர்களுக்குப் பல வருடம் ஆனது. யூதர் பகுதியில் கல்லறை மேல் சிறு கூழாங்கற்கள் இருக்கும், மரியாதைக்காக வைத்தவை, பொறுக்கி வரவேண்டாம். பூ கொண்டுவர விரும்பினால் பிளாஸ்டிக் சுற்று இல்லாமல் கொண்டுவாருங்கள். தயிர்சாதம், புளியோதரை, தண்ணீர் எங்கள் பொறுப்பு.

வர மனம் ஒப்பாதவர்கள் வீட்டிலேயே இருங்கள், வருத்தமில்லை. பிள்ளையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

அன்புடன்,
சுற்றுலாக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா