கார்டு வாங்கும் முன் ரேமைப் பார்

அன்புள்ள கண்ணா,

கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். திக்குவது கார்டுதான் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? ரைசன் 5 3600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 2060 கார்டு, 16 ஜிபி ரேம், அதுவும் ஒரே ஸ்டிக். நீ அனுப்பிய இந்த விவரத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேல்தான்.

ஒரு சோதனை செய். எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. அதைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க், எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை மட்டும் 1080-இலிருந்து 720-க்கு இறக்கு. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் திணறுவது கார்டு. ஏறவே இல்லையென்றால் பிராசஸரோ ரேமோதான் பின்னால் இழுக்கிறது; அதற்கு மேல் எவ்வளவு பெரிய கார்டைச் செருகினாலும் அந்த எண் நகராது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம்தான் காட்டுகிறது என்று நம்பிவிடாதே. 3600-க்கு 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலைகளை ஓட்டும். கேமின் முக்கிய த்ரெட் ஒன்று முழுக்க முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். கார்டின் பயன்பாட்டைப் பார்: 97, 98-இல் நின்றால் அது முழுமூச்சாக உழைக்கிறது; 60-இல் நின்றால் யாருக்காகவோ காத்துக்கிடக்கிறது.

ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல், அதாவது பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதி அகலப் பாதை. எஃப்பிஎஸ் சராசரி ஓரளவு நன்றாக இருந்தும் நடுநடுவே சடக்கென்று நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகும். கையில் இருப்பதோடு இன்னொன்று சேர்ப்பதைவிட, ஒரே பெட்டியில் வரும் இரண்டு 16 ஜிபி ஸ்டிக் வாங்குவதே மேல். வேறுவேறு ஸ்டிக்குகள் சேர்ந்தால் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். சில சமயம் எக்ஸ்எம்பி (ரேமை அதன் மேல் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டால் கணினியே தொடங்காது. நான்கு ஸ்லாட் மதர்போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகு. அடுத்தடுத்துச் செருகினால் பல போர்டுகளில் மறுபடியும் சிங்கிள் சேனல்தான். கிளிப் ‘டக்’கென்று பூட்டும்வரை இரு முனையிலும் அழுத்து.

முதல் தடவை ஆன் செய்ததும் திரை ஒரு நிமிடம்கூடக் கறுப்பாக இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பிளக்கைப் பிடுங்காதே. பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-ஐ ஆன் செய். செய்யாவிட்டால் 3200 என்று அச்சிட்ட ரேம் 2133-லோ 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும், நீயும் காசு கொடுத்த வேகம் கிடைக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பாய். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடு.

கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இன்றே எஸ்எஸ்டி-க்கு மாற்று, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்கி, அதே இடத்துக்கு மறுபடி போகும்போது சீராக ஓடினால், அது பெரும்பாலும் ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்) ஓட்டத்தின் நடுவே கம்பைல் ஆகும் தொல்லை. கேம் செய்தவர்கள் சரிசெய்ய வேண்டியது. உன் பர்ஸால் தீராது.

பிராசஸர்தான் தடை என்று தெரிந்தால் போர்டை மாற்ற வேண்டியதில்லை. அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5700எக்ஸ்3டி பிராசஸர் உட்காரும். 3600-இல் 32 எம்பி இருக்கும் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) அதில் 96 எம்பி. பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடு, அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை வேறிடத்தில் எழுதி வை. புது சிப்போடு கூலர் வராது, 3600-உடன் வந்த சின்னக் கூலரும் அதற்குப் போதாது. பழைய கூலரைக் கழற்றும் முன் கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கு. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இடமும் வலமுமாகத் திருகியபடி எடு. நேராக மேலே இழுத்தால் இரண்டுக்கும் நடுவே காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து சேர்த்துப் பிடுங்கிவிடலாம். பின்கள் வளைந்தால் அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

இதெல்லாம் முடிந்தும் கார்டுதான் குறை என்றால் தாராளமாக வாங்கு. ஆனால் 8 ஜிபி மெமரி உள்ள கார்டை இனிமேல் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஏற்றியதும் நிரம்பிவிடும், நிரம்பினால் மறுபடி இதே திக்கல். அதிலும் உன் பி450 போர்டில் கார்டு செருகும் பாதை பழைய பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 போல அந்தப் பாதையில் 8 லேன் மட்டுமே உள்ள கார்டுக்கு 4.0 போர்டில் கிடைப்பதில் பாதி வேகம்தான் கிடைக்கும். மெமரி வழியும்போது அடி இன்னும் பலமாக விழும். 12 அல்லது 16 ஜிபி பார்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். ஸ்லாட் தருவது 75 வாட், ஒரு 8 பின் கனெக்டர் 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனித்தனி கேபிள் போடு, ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாதே. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் பழையதோடு வந்த மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை அப்படியே விட்டு வைக்காதே. செருகும் வாய் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன் செய்த நொடியில் டிஸ்க்கோ போர்டோ கருகிப்போகலாம்.

மெமரி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் போட்டோ, அந்த 720 சோதனையில் வந்த எஃப்பிஎஸ், மூன்றையும் அனுப்பு. அதுவரை கார்டை ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அம்மா