மீட்டிங் அக்கவுண்ட் யார் பேரில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கம்பம், போடி, வண்டன்மேடு ஆகிய ஊர்களில் எங்களுக்குக் கிளைகள் உண்டு. புற்றடியிலோ போடியிலோ ஏலம் என்றால், அன்று காலையில் ஜூமில் கூடித்தான் விலை பேசுவோம். இந்தப் பக்கத்துக் கடைகளும் சங்கங்களும் இப்போது இதற்குச் சந்தா கட்டுகின்றன. மாசம் எவ்வளவு என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அக்கவுண்ட் யார் யாருக்கு, யார் பேரில் என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்களிடம் கட்டண அக்கவுண்ட் ஒன்றுதான். பாஸ்வேர்டு நாலு ஊருக்கும் தெரியும். இங்கே பேச்சு மும்முரமாக இருக்கும்போது போடிக்காரர் தன் மீட்டிங்கைத் திறக்கப் போவார். ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது, அதை முடித்தால்தான் இது என்று திரையில் வரும். அவரும் சட்டென்று முடித்துவிடுவார். முதலாளி பாதிப் பேச்சில் நிற்பார். புது போனில் நுழைந்தால் சரிபார்ப்பு எண் போவது, வேலையை விட்டுப் போன மேனேஜரின் சொந்த ஜிமெயிலுக்கு. "அண்ணே, அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க" என்று அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பதிவான பேச்செல்லாம் இன்னும் அவர் கையில்தான்.

ஆளுக்கொரு சந்தாவும் தேவையில்லை. மீட்டிங்கில் சேர லிங்க் போதும். கூட்டி நடத்துகிறவருக்குத்தான் சந்தா. இலவச ஜூமிலேயே 100 பேர் வரை 40 நிமிடம் பேசலாம். கூகுள் மீட்டில் 60 நிமிடம். எங்களுக்குக் குமுளிக்கு ஒன்று, போடிக்கு ஒன்று போதும். மெயில் ஐடி நிறுவனத்துடையதாக, ஆள் பேரில் இல்லாமல் பொறுப்பின் பேரில் இருக்கட்டும். நிர்வாகி உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் விலகினால் அவர் அக்கவுண்டை நீக்கும்போதே பதிவுகளை அடுத்தவருக்கு மாற்றிவிடலாம். அப்போது விட்டால் பிறகு தேடிப் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, திரையில் தெரியும் பேர். எங்கள் மீட்டிங்கில் ஒருவர் 'ரெட்மி'. இன்னொருவர் 'அச்சு அம்மா' (பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் நடந்த காலத்தில் வைத்தது). இரண்டு பேருக்கு மலையாள எழுத்தில் பேர். கம்பத்துக்காரர்களுக்குப் படிக்கவே வராது. முருகன் இரண்டு பேர். 8 எம்.எம். அளவுக் காய்க்கு விலை சொன்னது எந்த முருகன் என்று மறுநாள் வரை தகராறு. இது சிரிக்கிற விஷயமில்லை. லிங்க் வாட்ஸ்அப்பில்தான் போகிறது; எதிர்க்கடைக்காரர் 'ரெட்மி'யாக வந்து உட்கார்ந்து எங்கள் விலையைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஊரும் பேருமாகப் போட்டவரை மட்டும் காத்திருப்பு அறையிலிருந்து (நடத்துகிறவர் அனுமதிக்கும் வரை ஜூம் நிறுத்தி வைக்கும் இடம்) உள்ளே விட வேண்டும்.

சந்தா எடுத்துத் தரும் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் சிலர், அவசரத்துக்குத் தங்கள் மெயிலையே போட்டுத் தந்துவிடுகிறார்கள். நிர்வாகி மெயிலை உங்கள் நிறுவனத்தின் பேருக்கு மாற்றிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏலக்காய்க் கடைக் கணக்கர்,
குமுளி