வாளித் தண்ணீரில் ஒருமுறை முக்கிக் காட்டுங்கள்

சொட்டுநீர்த் தோட்டங்களுக்கு, மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று முள்ளால் காட்டும் டென்சியோமீட்டரைப் பரிந்துரைக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும், அதை நட்டுத் தரும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஈரோட்டுப் பக்கம் செம்மண்ணில் மஞ்சள் போடுகிறவன் நான். என் தோட்டத்தில் கருவியை நட்டவர்கள், "முள் 30-ஐத் தொட்டால் மோட்டாரைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆவணியில் மழை இல்லாத ஒரு வாரம் வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியூர் போய்த் திரும்பினேன். முள் 5-இல் நின்றது. ஈரம் இருக்கிறதென்று நம்பி இன்னும் மூன்று நாள் தண்ணீர் விடவில்லை. இலை சுருண்ட பிறகுதான் வேரடியில் கையை விட்டுப் பார்த்தேன். மண் மாவாக உதிர்ந்தது.

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. மண் காயக் காய, கருவியின் அடியிலுள்ள பீங்கான் முனை வழியே, குழாயில் நிரப்பிய தண்ணீரை இழுக்கும். அந்த இழுப்பைத்தான் முள் காட்டுகிறது. அது ஏறத்தாழ 80 சென்டிபாரை (முள் காட்டும் எண்ணின் அலகு) தாண்டினால் காற்று உள்ளே புகுந்து தண்ணீர்த் தொடர் அறுந்துவிடும். முள் சரிந்து கீழே வந்துவிடும். நன்றாக நனைந்த மண்ணிலும் முள் கீழேதான் நிற்கும், காய்ந்து வெடித்த மண்ணிலும் கீழேதான் நிற்கும். குழாயில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பயிர் வாடியிருக்காது.

நடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளியது. முனையை ஓரிரவு ஊறவைத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் குழாயில் நிரப்பி, கைப்பம்பால் குமிழிகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு வாளியில் முக்கினால் முள் சுழியை (0) ஒட்டி நிற்கும். அளவி (முள் இருக்கும் வட்டு) தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருந்தால் 3 காட்டும். அது பிழையல்ல, குழாய்த் தண்ணீரின் எடை. வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் முள் ஏற வேண்டும், மறுபடி முக்கினால் இறங்க வேண்டும். ஏறாவிட்டால் முனையில் விரிசல், அல்லது மூடி ரப்பரில் கசிவு.

ஊட்டியில் கேரட் போடுகிறவர்களையும் மறக்காதீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தமே 78 சென்டிபார் அளவுதான். சமவெளியில் சுழிக்கு வைத்து மூடிய அளவியை அங்கே காற்றுத் துளை திறந்து மறுபடி சுழிக்குக் கொண்டுவர வேண்டும். டென்சியோமீட்டருக்குப் பதில் மண் ஈரத்தை மின்தடையால் அளக்கும் உணரி (சென்சார்) என்றால் மண் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான மண்ணை அது உள்ளதைவிட ஈரமாகக் காட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கருவியைப் பெற்றுக்கொண்டதாக எங்களிடம் கையெழுத்து வாங்கும் தாளில், முள் வாளியில் காட்டிய எண், காற்றில் ஏறிய எண் இரண்டையும் எழுத இடம் விடுங்கள். சோதனையை எங்கள் கண்முன் செய்து எழுதுங்கள். அடுத்த போகத்துக்கு முன் நாங்களே முனையை முக்கிப் பார்க்கும்போது ஒப்பிட அந்த எண்கள் வேண்டும்.

இப்படிக்கு,
மஞ்சள் விவசாயி ஒருவன்,
ஈரோடு மாவட்டம்