மலையிலிருந்து பார்த்த ஏற்றம்

காட்பாடி,
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள டிரைவருக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சு என்று மருமகள் போனில் சொன்னாள். படுத்துக்கொண்டு படிக்க ஏதாவது அனுப்பச் சொன்னாயாம். நான் ஏலகிரி ஏறிய கதையைப் படி.

சிரிக்காதே. ஜோலார்பேட்டையில் நீ கூட்ஸ் ரயில் டிரைவராகவும் நான் கார்டாகவும் முப்பது வருஷம் குப்பை கொட்டினோம். டூட்டிக்கு வரும்போதும் அந்த மலைதான், விடிகாலையில் கண்ணெரிச்சலோடு இறங்கும்போதும் அதே மலைதான். வெளியூர்க்காரர்களுக்கு மலை பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொன்னதோடு சரி; அதன் மேலிருக்கிற சுவாமிமலை உச்சியை நாம் இரண்டு பேரும் பார்த்ததில்லை. போன சனிக்கிழமை ராத்திரி அக்கா வீட்டுக்குப் போனதும் ஏலகிரி எக்ஸ்பிரஸில்தான். மலையின் பேரை வைத்துக்கொண்டு அடிவாரத்தோடு நின்றுவிடுகிற வண்டி. நம்மைப் போலத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர் பேரோ வள்ளல் பேரோ வைத்திருக்கிறார்கள். பாரி, கபிலர் என்று பையன் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தான். எனக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம்.

மங்கலம் கிராமத்திலிருந்து நடை. முந்தின இரண்டு நாளும் மழை. கல்லெல்லாம் வழுக்கல், பேண்ட் முழுக்க நாயுருவி விதை. பாதி வழியில் ஈரப் பாறைமேல் ஒரு ரயில்பூச்சி, என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். கால்கள் பின்னாலிருந்து முன்னால் அலை அலையாக நகர்கின்றன. பையன் குச்சியால் தொட்டதும் சட்டென்று சுருண்டுகொண்டது. "தாத்தா, வண்டி நின்னுடுச்சு!" என்றான். அது மறுபடி விரிந்து கிளம்பும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். எனக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. இதற்கப்புறம் நான் வழுக்கி உட்கார்ந்ததும், பிளாஸ்க் உடைந்து டீ மொத்தமும் மலைக்குப் போனதும் தனிக்கதை. அக்காவிடம் சொல்லிவிடாதே, பிளாஸ்க் அவளுடையது.

உச்சி 4,300 அடிக்கு மேல். போய்ச் சேர்ந்தால் வெறும் மேகம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஜவ்வாது மலை தெரிந்தால் காவலூர் தொலைநோக்கியின் கோபுரத்தைக் காட்டுகிறேன் என்று பையனிடம் வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். சரி, இறங்கலாம் என்று எழுந்தபோது கீழேயிருந்து ஒரு ஹாரன் சத்தம். நீளமாக ஒன்று. காது நிமிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேகம் கிழிந்து ஜோலார்பேட்டை தெரிந்தது. சென்னையிலிருந்து வருகிற பாதை சேலத்துக்கு ஒன்றும் பெங்களூருக்கு ஒன்றுமாகப் பிரிவது கோடு போட்ட மாதிரி கிடக்கிறது. 2019 ஜூலையில் 50 வேகனில் காவிரித் தண்ணீரை ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்களே, அது கிளம்பிய இடத்தையும் பையனுக்குக் காட்டினேன். தண்ணீர் ரயிலில் போகுமா என்று அவன் நம்பவில்லை.

பெங்களூர் லைனில் ஒரு கூட்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் இன்ஜினும் கடைசியில் கார்டு உட்காரும் பிரேக் வேனும் ஒரே பார்வையில். கார்டுக்கு வண்டி என்றால் முன்னால் இருக்கிற கடைசி வேகனின் முதுகுதானே, வளைவு வந்தால்தான் உன் இன்ஜினைப் பார்ப்பேன். (இப்போது நாங்கள் கார்டு இல்லை, டிரெயின் மேனேஜர். ரிட்டையர் ஆனவனுக்கும் உண்டா என்று கேட்க வேண்டும்.)

அந்த மழை ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? சோமநாயக்கன்பட்டி தாண்டிச் சக்கரம் சறுக்கி நின்றோமே. சக்கரம் பிடிக்கத் தூவும் மணல் தீர்ந்துபோய், தண்டவாளத்தில் மண்ணை அள்ளிப் போடச் சொல்லி அசிஸ்டென்டை நீ கத்தியது வாக்கிடாக்கியில் எனக்குக் கேட்டது. பின்னால் வரும் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கிற வெடி, அந்த டெட்டனேட்டர் பையோடு நான் பின்பக்கம் இருட்டில் நடந்தேன். அன்றைக்கு அந்த ஏற்றம் எனக்கு இமயமலை. மேலேயிருந்து பார்த்தால் ஏற்றமே தெரியவில்லையடா! சோறு பரிமாறலாம் போல, வாழை இலை மாதிரி சமமாகக் கிடக்கிறது. இதற்கா நாம் அவ்வளவு பாடுபட்டோம் என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. கீழே அந்த கூட்ஸ் ஊர்ந்துதான் போனது, மேலே நிற்கிறவனுக்கு அதன் பாரம் எங்கே தெரியும்? கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றேன். பழக்க தோஷம், கையும் தூக்கிவிட்டேன்.

அன்றைக்கு நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் டார்ச் அணைந்துவிட்டது. இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை. வாக்கிடாக்கியில் "எல்லாம் சரி" என்று நான் சொன்னது தண்டவாளத்தைக் காலால் தடவிக்கொண்டே.

இப்போது அந்த மலை திருப்பத்தூர் மாவட்டமாம். எனக்கு இன்னும் வடாற்காடுதான், வாய் பழகிவிட்டது. முட்டி சரியானதும் தை மாசம் வா. உச்சி வேண்டாம், பஸ்ஸில் போய் ஏரிக்கரையில் உட்காரலாம். வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் நான் எடுத்து வருகிறேன், பிளாஸ்க் உன் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் கார்டு