மருந்தைப் பற்றிக் கேட்பதும் நோயா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனநலக் கட்டுரைகள் பெரும்பாலும் ‘மருந்தை நிறுத்தாதீர்கள்’ என்றே முடிகின்றன. சரிதான். நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் என்ற மனநோய் வந்து மீண்டவன் நான். திடீரென நிறுத்தினால் காதில் பழைய குரல்கள் திரும்பும் ஆபத்து எனக்கும் தெரியும். என் கேள்வி வேறு.

அதற்குக் கொடுத்த ஒலன்சபின் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்ததும் பசி அடங்கவே இல்லை. நடு ராத்திரியில் எழுந்து சோற்றுப் பானையைத் துழாவுவேன். பேண்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. எடை கூடும், சர்க்கரையும் வரலாம் என்பது அந்த மருந்தின் ஊரறிந்த பக்கவிளைவு. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்க, டாக்டர் அம்மாவிடம்தான் கேட்பார்: “தூங்குறாரா? சத்தம் போடுறாரா?” டோஸைக் குறைக்கலாமா என்று நான் கேட்டால், அதுவும் நோயின் அறிகுறியாகிவிடும். அப்புறம் எப்படி வாய் திறப்பது?

பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பின்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நமக்காக யார் பேச வேண்டும் என்று ஒரு விருப்ப ஆவணமாக முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையும் அதில் உண்டு. நான் காத்துக் கிடந்த புறநோயாளிப் பிரிவுகளில் இதைச் சொல்லும் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை.

வேறொரு டாக்டர் பொறுமையாகப் பேசி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக டோஸைக் குறைத்தார். இப்போது வேலைக்குப் போகிறேன். அந்த விருப்ப ஆவணத்தின் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, மாத்திரை கொடுக்கும் கவுண்டரிலேயே வைக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
மதுரை